வாசிஸ் உட்கார்ந்த இடம்

வாசிஸ் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில், அவன் முகம் அச்சடித்த டீ-ஷர்ட் ஒன்றை பிரமுஜி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மார்பில் என் தம்பியின் சிரித்த முகம். அதற்குக் கீழே ‘ஸ்லாமெத் மலை நினைவு ஏற்றம்’. முதுகு முழுவதும் பிரமுஜியின் மலையேற்றக் குழுவின் பெயர். குழுவின் பெயர் என் தம்பியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்ததை நான் அப்போதே கவனித்தேன். முதுகு அகலம், அதனால் எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் பிரமுஜி செய்கிற எல்லாவற்றுக்கும் நானே இப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுவேன்.

கூடாரம் தூக்காமல், விடியும்போது கிளம்பி, உச்சியைத் தொட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவதுதான் அந்தக் குழுவின் பெருமை. “கூடாரம் தூக்குறவன்லாம் தூங்கப் போறவன், நாங்க ஏறப் போறவங்க” என்பான் பிரமுஜி. ஒரு சின்னப் பை, தண்ணீர், பொட்டலச் சோறு, காற்றுக்கு ஒரு ஜாக்கெட். வாசிஸ் அந்தப் பேச்சில் மயங்கிப்போனவன். சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பிரமுஜியைப் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் தங்குவதில்லை.

வாசிஸ் இறந்த அன்று ஸ்லாமெத் எரிமலைக்குப் போனவர்கள் மூன்று பேர். பிரமுஜி, வாசிஸ், இவர்களோடு வாசிஸின் பள்ளிக்கூட நண்பன் ருஸ்லான். நடந்ததைப் பிரமுஜிதான் எங்களிடம் வந்து சொன்னான். மரங்கள் முடிந்து மொட்டைக் கல் தொடங்குகிற இடத்தில் வாசிஸுக்குக் குளிர் தாங்கவில்லை. “நீங்க போங்கண்ணே, நான் இந்தப் பாறை மறைவுல உக்காந்திருக்கேன், இறங்கும்போது கூட்டிட்டுப் போங்க” என்று அவனே சொல்லி அனுப்பினான். அவர்கள் திரும்பி வந்தபோது மூடுபனி. பாறைமேல் அவனுடைய சிவப்பு ஜாக்கெட் மட்டும் கிடந்தது. மீட்புப் படையினர் அவனைப் பாறைக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குள் கண்டெடுத்தபோது உடம்பில் மெல்லிய சட்டை மட்டும்தான் இருந்தது. குளிர் முற்றிப்போனால் உடம்பு எரிகிற மாதிரி இருக்குமாம், உடுப்பைக் கழற்றி எறிந்துவிடுவார்களாம். அந்தப் படையில் வந்த ஒருவர் அப்படிச் சொன்னார். அந்த ஜாக்கெட் நான் வாங்கிக் கொடுத்தது.

அம்மா இந்தக் கதையைப் பற்றிக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். “எம் புள்ள எப்பவும் அப்படித்தான். மத்தவங்களப் போகச் சொல்லிட்டு அவன் உக்காந்துக்குவான். சின்ன வயசுல மாம்பழம் வெட்டினாக்கூட கொட்டைய எடுத்துக்கிட்டு சதைய அக்காவுக்குத் தள்ளுவான்.” எனக்குத் தெரிந்து அவன் கொட்டைக்கும் சேர்த்துத்தான் சண்டை போடுவான். அதை யாரிடம் போய்ச் சொல்வது.

பிரமுஜி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலைத் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றினான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றான். அப்பா கடல் தாண்டி காலிமந்தான் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆண் குரல் கேட்காத எங்கள் வீட்டில் பிரமுஜியின் செருப்பு வாசலில் கிடப்பதே அம்மாவுக்கு ஒரு தெம்பு. “அவனே மருமகனா வந்துட்டா, எம் புள்ள பாதி திரும்பி வந்த மாதிரி” என்றாள் ஒருநாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டு இமைமுடி செய்யும் கொரியாக்காரர் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் குனிந்து ஒவ்வொரு மயிராக நூலில் முடிச்சுப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் அவசரமாக வந்து, முகம் கழுவி, உதட்டுக்கு லேசாகச் சாயம் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அதனால்தான் நினைவு ஏற்றத்துக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன். தம்பி கடைசியாக உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பிரமுஜியோடு ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பம்பாங்கன் என்ற அடிவார ஊரில் நாங்கள் கூடியபோது இன்னும் வெளிச்சம் வரவில்லை. பன்னிரண்டு பதிமூன்று பேர் இருந்தோம், எல்லோர் மார்பிலும் என் தம்பி. சூடான தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ருஸ்லான். ஒரு வருடமாக எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டாதவன். முள்ளங்கி ஏற்றும் லாரியில் ஓட்டுநராகப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“நீ எதுக்குடா வந்த?” என்றான் பிரமுஜி.

“ஏன்ண்ணே, மலை உங்கப்பா வீட்டுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிரமுஜியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. “டீ-ஷர்ட் ஆள் கணக்குக்குத்தான் அடிச்சோம். உனக்கு இல்ல.”

“அவன் மூஞ்சிய நெஞ்சுல மாட்டிக்கிட்டு ஏற எனக்குத் தைரியம் இல்லண்ணே. நீங்க போட்டுக்குங்க.”

அதற்கும் சிலர் சிரித்தார்கள். ருஸ்லான் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். ஒரு வருடமாக வந்து எட்டிப் பார்க்காதவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முட்டைக்கோஸ், வெங்காயத் தோட்டங்களைத் தாண்டியதும் பைன் மரங்கள். அதற்குமேல் காடு. பாதை என்பது அங்கே வேர்களும் சேறும்தான். எனக்கு முன்னால் நினிங் என்று ஒரு பெண் போனாள். மருந்துக்கடையில் வேலை, நல்ல பருமன், வாய் ஓயவே ஓயாது.

“இந்த வேரெல்லாம் எங்க மாமியா மாதிரி. எங்க கால வெச்சாலும் பிடிச்சு இழுக்குது.”

“மாமியா காதுல விழப்போகுது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“விழட்டும். இவ்ளோ தூரம் ஏறி வந்து அடிக்க அவளுக்கு முட்டி கிடையாது.”

பேய் குடியிருக்கும் என்று சொல்கிற சாவடியில் யாரும் உட்காரவில்லை. நினிங்கூட அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். பிரமுஜி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவன், அடிக்கடி திரும்பி இறங்கி என்னிடம் வந்தான். பனைவெல்லத் துண்டு ஒன்றைக் கையில் வைத்தான். துர்யாத்தி என்ற என் பெயரை அவன் ‘துர்’ என்றுதான் கூப்பிடுவான்.

“பெருசா அடி எடுத்து வெக்காத, துர். சின்னச் சின்னதா வை. மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத. உன் தம்பியும் இப்படித்தான், நாக்குத் தள்ளினாலும் இல்லண்ணேம்பான்.”

அவன் அதைச் சொன்ன விதத்தில் அன்பு இருந்தது. இன்று யோசித்துப் பார்த்தாலும் அது நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெல்லம் வாயில் கரைய, மரங்களுக்கு நடுவே வெயில் சாய்வாக விழ, அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். தம்பி செத்த மலையில் ஏறிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். எங்களுக்குப் பின்னால் ருஸ்லான் யாரோடும் பேசாமல் வந்துகொண்டிருந்தான்.

மரங்கள் ஒரு கோடு போட்ட மாதிரி முடிந்துபோகிற இடம் பெலவாங்கன். அதற்குமேல் உச்சிவரை செங்கல் நிறத்தில் உதிரிக் கற்கள்தான். காற்று அங்கே வேறு மாதிரி அடித்தது. வாசிஸ் உட்கார்ந்த பாறை எது என்று கேட்டேன். பிரமுஜி கையை ஒரு பக்கமாக வீசினான். “அந்தப் பக்கம். இப்ப வேண்டாம். மேகம் கூடுறதுக்குள்ள மேல போயிடணும். இறங்கும்போது எல்லாரும் சேர்ந்து பூ தூவலாம்.”

குழு ஏற ஆரம்பித்தது. ருஸ்லான் மட்டும் ஏறவில்லை. அவன் பாதையைவிட்டு விலகி, பிரமுஜி கைகாட்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நடந்து, இடுப்பு உயரப் பாறை ஒன்றுக்கு முன்னால் போய் நின்றான்.

“துர், வா” என்று மேலிருந்து கூப்பிட்டான் பிரமுஜி.

“நீங்க போங்க, மூச்சு வாங்கிட்டு வரேன்” என்றேன்.

அவன் ஒரு கணம் ருஸ்லானைப் பார்த்தான். இறங்கி வருவான் என்று நினைத்தேன். பதாகையும் ஒலிபெருக்கியும் அவன் பையில் இருந்தன, மேலே எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி ஏறினான்.

நான் ருஸ்லானிடம் போனேன். “இதுவா?”

“இதுதான்க்கா.”

பாறைக்கு மறைவே கிடையாது. இரண்டு பக்கமும் காற்று அறைந்தது. மறைவாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லக்கூடிய இடம் இல்லை அது.

“அவன் இங்க உக்காந்துக்கிறேன்னு சொன்னானா?”

ருஸ்லான் பாறையின்மேல் கை வைத்தான். அப்புறம் சொன்னான். “கீழ போகலாம்னு சொன்னான். மரத்துக்குள்ள இருக்கும்போதே சொல்ல ஆரம்பிச்சுட்டான். அண்ணே, என்னால முடியல, இறக்கி விட்டுடுங்கன்னான். பிரமுஜி அண்ணன், இந்தா தெரியுதுடா உச்சி, பொம்பளையாடா நீன்னாரு. அதுக்கு நானும் சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“இங்க வந்ததும் கால் நிக்கல. ஜிப் போட வரலக்கா, விரல் விறைச்சுப்போச்சு. நான்தான் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்துல நானே அத அவுத்தேன்.”

“என்னத்த?”

“ஜாக்கெட்ட.” அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “பிரமுஜி அண்ணனோடது ஏறும்போதே நனைஞ்சுபோச்சு. மேல காத்து அடிக்குது, இவன் உக்காரத்தானே போறான், அத இப்படிக் குடு, வந்ததும் போட்டுவிடலாம்னாரு. வாசிஸ் வேண்டாம்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. கைய மட்டும் தூக்கினான். பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சட்டை கழட்டும்போது தூக்குமே, அந்த மாதிரி.”

எனக்குக் காது அடைத்துப்போனது. காற்றா, உயரமா, தெரியவில்லை.

“மேல போயி உடனே இறங்கிட்டீங்களா?”

“இல்லக்கா. மேகம் விலகட்டும்னு இருந்தோம்.”

“எதுக்கு?”

“எரிமலைப் பள்ளம் தெரியணும்ல. வீடியோவுக்கு.”

நான் அவனை அறைந்தேன். யோசித்து அடிக்கவில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை.

“நீ ஏன் நிக்கல? நீ அவன் சிநேகிதன்தானே. நீயாவது நின்னிருக்கலாம்ல?”

“எனக்கும் உச்சியப் பாக்கணும்னு இருந்துச்சு” என்றான் ருஸ்லான். “கொஞ்ச தூரம் போனதும் கூப்பிட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். எம் பேரத்தான் கூப்பிட்டான். பிரமுஜி அண்ணன், திரும்பாத, திரும்பினா அவனும் எந்திரிச்சு வந்து உருளுவான்னாரு. நான் திரும்பலக்கா.”

“ஒரு வருஷம் என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?”

“அவனே போகச் சொன்னான்னு சொல்லிடுவோம், அம்மாவுக்கு அதாவது ஆறுதலா இருக்கும்னாரு அண்ணன். சரின்னேன். எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. நேத்து மார்க்கெட்டுல ஒருத்தன் சொன்னான், உங்களுக்கும் அவருக்கும் கல்யாணம்னு. அதான் வந்தேன்.”

அவனை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறினேன். அந்தக் கற்களில் ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சரியும். கையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மேலிருந்து கல் உருளும்போதெல்லாம் “கல்லு! கல்லு!” என்று கத்தினார்கள். கந்தக நெடி தொண்டையை அறுத்தது. சின்னச் சின்னதாக அடி வை என்று அவன் சொல்லிக் கொடுத்தபடிதான் என் கால்கள் வைத்துக்கொண்டிருந்தன. அது தெரிந்தும் மாற்ற முடியவில்லை. வேறு விதமாக ஏற எனக்குத் தெரியாது.

உச்சியில் எல்லோரும் எரிமலை வாய்க்கு முதுகு காட்டி நின்று வாசிஸுக்காக ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள். நினிங் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். உண்மையாகவே அழுதாள். வாசிஸை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. ஓதி முடிந்ததும் பிரமுஜி ஒலிபெருக்கியை எடுத்துப் பேசினான். நண்பர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்த ஒரு தியாகியைப் பற்றிப் பேசினான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

“இப்ப அவனோட அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்று அதை என்னிடம் நீட்டினான்.

நான் அதை வாங்காமல் கேட்டேன். “ஜாக்கெட் பாறை மேல கிடந்துச்சுன்னு சொன்னீங்களே. எந்தப் பாறை?”

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போனான். “ருஸ்லான் ஏதாவது உளறினானா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“எல்லாரும் பாக்குறாங்க, துர். கீழ போயிப் பேசிக்கலாம்.”

“கீழ போனா நீங்க போயி அம்மா பக்கத்துல உக்காந்துக்குவீங்க. இங்கயே சொல்லுங்க. இறக்கி விடச் சொன்னானா இல்லையா?”

அவன் எரிமலைப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றான். கீழிருந்து வெள்ளைப் புகை சும்மா எழுந்துகொண்டிருந்தது.

“எல்லாரும்தான் சொல்லுவாங்க. முதல் தடவ வரவன் ஒவ்வொருத்தனும் முடியல, விட்டுடுங்கம்பான். மேல வந்து நின்னதும் கால்ல விழுந்து நன்றி சொல்லுவான். எத்தன பேர அப்படி ஏத்தியிருக்கேன் தெரியுமா?”

“அவனுக்கு அது முதல் தடவ இல்ல.”

“நான் திரும்பிப் பாத்தேன்” என்றான் திடீரென்று. “சத்தியமா பாத்தேன். கைய ஆட்டிக்கிட்டு இருந்தான். போங்கன்னு ஆட்டுறான்னுதான் நெனச்சேன்.”

“வாங்கன்னு ஆட்டியிருந்தா?”

அவன் ஒலிபெருக்கியின் வாரைக் கையில் சுற்றினான்.

“கூப்பிட்டானாமே.”

“காத்துல எதுவும் கேக்கல.”

“ருஸ்லானுக்குக் கேட்டிருக்கு.”

“எனக்குக் கேக்கலன்னு சொல்றேன்ல!” கத்திவிட்டான். கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். குரலை இறக்கினான். “ஒரு வருஷமா உங்க வீட்டு வாசல்ல கிடக்குறேன். ஓடு மாத்தினேன். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன். பெத்த புள்ள செய்வானா இதெல்லாம்? அந்த ருஸ்லான் ஒரு நாள் எட்டிப் பாத்தானா? இன்னிக்கு வந்து அவன் உத்தமன், நான் கொலைகாரனா?”

“இதெல்லாம் யாருக்காகச் செஞ்சீங்க?”

“உங்களுக்காகத்தான். வேற யாருக்கு?”

அவன் முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னான். ஒரு வருடம் எங்கள் கூரையில் ஏறி ஏறி, அவன் அதை முழுக்க நம்பிவிட்டிருந்தான். தப்பு செய்தவன் மாதிரி கூனிக் குறுகியிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய வழி இருந்திருக்கும். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மனத்தாங்கல்தான் இருந்தது. நன்றி கெட்டவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“அம்மாகிட்ட சொல்லப் போறியா?” என்றான். “சொல்லு. அவங்களால அதைத் தாங்கிக்க முடியுமான்னு மட்டும் ஒரு தடவ யோசிச்சுக்கோ.”

அதற்குள் நினிங் கூப்பிட்டாள். “துர்யாத்தி! சீக்கிரம் வா, மேகம் வருது, போட்டோ எடுத்துடலாம்!” காற்று பதாகையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. யாரோ அதன் ஒரு மூலையை என் கையில் திணித்தார்கள். வாசிஸின் முகம் படபடவென்று அடித்துக்கொண்டது. விட்டால் பள்ளத்துக்குள் போய்விடும். விட என்னால் முடியவில்லை, பிடித்துக்கொண்டேன். அந்தப் படம் பிறகு ஊர் முழுக்கச் சுற்றியது. தம்பி இறந்த மலையில் கலங்காமல் நிற்கும் அக்கா என்று யார் யாரோ எழுதினார்கள். படத்தில் எனக்குப் பக்கத்தில் பிரமுஜி நிற்கிறான்.

இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. சரிகிற கற்களில் அவன் எனக்குக் கை நீட்டினான். நான் பிடிக்காமல் போய் வழுக்கி விழுந்து, இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்தது. “பிடிவாதம்” என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, செல்லமாகக் கோபித்துக்கொள்கிறவன் போல. பெலவாங்கனில் அவன் முதலில் கைகாட்டிய வேறொரு பாறையில், நல்ல மறைவான பாறையில், எல்லோரும் பூ தூவினார்கள். ருஸ்லான் அங்கே இல்லை. எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தான். வாசிஸ் உட்கார்ந்த பாறை இது இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் அந்தப் பாறைக்கு வருவார்கள். அங்கேயும் பூ தூவிப் படம் எடுப்பார்கள்.

அடிவாரத்தில் சூடாக, சோயாவில் செய்த தெம்பே பஜ்ஜியும் பச்சை மிளகாயும் கொடுத்தார்கள். கால் வலியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பசித்தது. சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அம்மா என் உள்ளங்கைகளுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள். “அவன் ஏதாவது பேசினானா? நோன்புக்கு முன்னாடியே நாள் வெச்சுடலாமா?”

அப்போது சொன்னேன். இறக்கி விடச் சொல்லிக் கேட்டதை, ஜாக்கெட்டை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதை, எல்லாவற்றையும். அம்மா மருந்து போடுவதை நிறுத்தவில்லை. ஒரு கையை முடித்துவிட்டு அடுத்த கையை எடுத்தாள்.

“யார் சொன்னது?”

“ருஸ்லான்.”

“அவன் குடிகாரன்.”

“அவன் குடிக்க மாட்டான்ம்மா.”

“குடிக்காதவன் ஏன் ஒரு வருஷம் கழிச்சு உளறுறான்?”

“பிரமுஜியே ஒத்துக்கிட்ட மாதிரிதான்ம்மா. கைய ஆட்டினான், போகச் சொல்றான்னு நெனச்சேன்னு சொன்னாரு.”

“அதத்தானே அவன் அன்னிலேருந்து சொல்றான். எம் புள்ள போகச் சொன்னான்னு.”

“அம்மா, அவன் கெஞ்சியிருக்கான்ம்மா.”

அப்போதுதான் அவள் என் கையை விட்டாள். நான் அதுவரை பார்க்காத முகம் அது. “அதுக்குத்தான் மலை ஏறினியா?” என்றாள். “எம் புள்ள அந்தக் குளிர்ல உக்காந்து கெஞ்சினான், கூப்பிட்டான், ஒருத்தனும் திரும்பிப் பாக்கலன்னு நான் தெனமும் நெனச்சுக்கிட்டுப் படுக்கணுமா? அதைக் கொண்டாந்து குடுக்கத்தான் ஏறினியா?”

“உண்மை அதுதானேம்மா.”

“உனக்கு வேணும்னா நீ வெச்சுக்க. எனக்கு வேண்டாம். ஒரு புள்ள போயிட்டான். அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு வர இன்னொருத்தனையும் வெரட்டச் சொல்றியா? வெரட்டிட்டு? நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா இந்த வீட்டுக்கு யாரு வருவா?”

கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அம்மா மருந்து டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசுவது மட்டும் தேவைக்கு என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் பிரமுஜி வழக்கம்போல வந்தான். நான் வீட்டில் இருந்தால் கூடத்தில் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு நான் போய்விட்டேன். போகாதே என்று அம்மா சொல்லவில்லை.

அடுத்த வருடம் பிரமுஜிக்குக் கல்யாணம் ஆனது. பெண், அவன் குழுவிலேயே ஏறிக்கொண்டிருந்தவள். அவனுக்குத் தாய் இல்லை என்பதால் மணவறையில் தாயின் இடத்தில் அம்மா பச்சைப் பட்டு கெபாயா மேற்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாளாம். நினிங்தான் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாள். “உங்கம்மா எவ்ளோ அழகா இருந்தாங்க தெரியுமா? நீ ஏன் வரல?” நினைவு ஏற்றம் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். டீ-ஷர்ட் நிறம் வருடா வருடம் மாறுகிறது.

ருஸ்லானை ஒருமுறை சந்தையில் பார்த்தேன். லாரியிலிருந்து முள்ளங்கி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். “அக்கா” என்றான். நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எல்லோரும் சேர்ந்து மறைத்ததை அவன் ஒருவன்தான் வந்து சொன்னான். ஆனால் மூட்டையைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்ததும் எனக்கு அந்த ஜிப்புதான் நினைவுக்கு வந்தது. அவன் உண்மையைச் சொன்னதால் அவன்மேல் இருந்த கோபம் எனக்குக் குறையவில்லை. நடந்துவிட்டேன்.

நோன்புப் பெருநாளுக்கு மட்டும் நான் வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்குப் போகாமல் இருக்க முடியாது. போன பெருநாளில் அம்மாவின் கால்களைத் தொட்டு, மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். அவள் என் தலையில் கை வைத்தாள், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பிரமுஜி, அவன் மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அம்மாவின் கை என் தலையிலிருந்து எழுந்துகொண்டது.

அவன் அம்மாவின் காலில் விழுந்து எழுந்து, அடுத்து என் முன்னால் வந்து நின்றான். அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் செய்வதுதான். இரண்டு கைகளையும் குவித்து நீட்டினான். “வெளிப்படையா செஞ்சது, மனசுக்குள்ள நெனச்சது எல்லாத்துக்கும் மன்னிச்சிடு, துர்.” வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகள். கண்களை மட்டும் என் முகத்துக்குக் கொண்டுவரவில்லை. அவன் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்காரி மாதிரி இருந்தாள். அவளுக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை.

நான் விரல் நுனிகளை நீட்டி அவன் கையைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

“என்னையும் மன்னிச்சிடுங்க” என்றேன். அதற்குப் பதில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“சரி, சரி, உக்காருங்க, ஆறிடப்போகுது” என்று அம்மா சமையலறைக்கு ஓடினாள். குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினாள் பிரமுஜியின் மனைவி. தொட்டால் அழும் என்று சொல்லிவிட்டு, நான் தட்டுகளை எடுத்துவரப் போனேன்.